வேலையை விட்டுட்டு மரச்செக்கு போடப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு ராஜினாமா கொடுங்க

11 வருசம் அடுத்தவங்க கம்பெனிக் கணக்கை எழுதினவன் நான், சொந்தக் கணக்குல கோட்டை விட்டேன். 2023 சித்திரையில கோயமுத்தூர் வேலையை விட்டுட்டு ஈரோடு பக்கம் சொந்த ஊருக்கு வந்து ஒரு வாகை மரச்செக்கு போட்டேன், கலப்படம் இல்லாம எண்ணெய் ஆட்டணும், நிலக்கடலை போட்ட விவசாயிக்கு அன்னைக்கே காசு போகணும், நானும் நிம்மதியா ராத்திரி தூங்கணும், இவ்வளவுதான் ஆசை. முதல் 14 மாசம் நான் மட்டும் சம்பளமே எடுக்கலை, எடுக்க எதுவும் மிஞ்சலை. இப்போ மாசம் 25,000 எடுக்கறேன். நடுவுல என்னென்ன தப்பு பண்ணேன், எந்தப் பேப்பரை எந்த வரிசையில வாங்கியிருக்கணும், அதைத்தான் எழுதறேன். விலை, கட்டணம், மானியம், விதி எல்லாம் நான் அலைஞ்ச 2023, 2024 நிலவரம். அரசாங்கக் கட்டணமும் விதியும் மாறும், அதனால பணம் கட்டற அன்னைக்கு அந்தந்த போர்ட்டல்ல ஒரு தடவை பாத்துக்கங்க.

செக்குக்குப் பதிலா நீங்க சிறுதானிய மாவோ, இட்லிப் பொடியோ, ஊறுகாயோ போடப் போறீங்கன்னாலும் முக்கால்வாசி இதேதான்.

1. என்ன செய்ய மாட்டீங்கன்னு எழுதுங்க, பக்கத்துல ரூபாயும் எழுதுங்க

எல்லாரும் "தரமா செய்வேன், நேர்மையா செய்வேன்"னுதான் ஆரம்பிக்கறோம். அதை வெச்சு ஒரு விலையும் போட முடியாது. ஒரு நோட்டு எடுத்து, இதைச் செய்யவே மாட்டேன்னு மூணே மூணு எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் நேரா அதனால எவ்வளவு கூடுதல் செலவுன்னு எழுதுங்க.

என் நோட்டுல இருக்கறது இது. ஒண்ணு, கடலை கொடுத்த விவசாயிக்குக் கடன் சொல்ல மாட்டேன், ஊர் விலையை விட, உடைச்ச கடலைப் பருப்புக் கணக்குல கிலோவுக்கு 3 ரூபா சேத்திக் கொடுப்பேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு சுமாரா 2.4 கிலோ பருப்பு வேணும், ஆக லிட்டருக்கு 7 ரூபா. ரெண்டு, கந்தகம் காட்டின கொப்பரை வாங்க மாட்டேன். கந்தகம் போட்டா பூஞ்சை பிடிக்காது, பளிச்சுனு வெள்ளையா இருக்கும், மழைக் காலத்துல சந்தைக்கு வர்றதுல பாதி அப்படித்தான் இருக்கும். அதனால ஐப்பசி கார்த்திகையில என்கிட்ட தேங்காயெண்ணெய் பெரும்பாலும் இருக்காது, அந்த ரெண்டு மாச வியாபாரம் போச்சு. மூணு, உடம்புக்கு இது சரியாகும் அது சரியாகும்னு சொல்லி விக்க மாட்டேன். இதுக்கு ரூபா போட முடியலை, ஆனா போன் பண்ணி "தம்பி, இதுல சுகர் குறையுமா"ன்னு கேக்கறவங்ககிட்ட "இல்லீங்க, சமைக்கத்தாங்க"ன்னு சொன்னா பாதிப் பேரு வெச்சுடறாங்க.

இந்த 7 ரூபாயை நான் முதல் வருசம் விலையில சேக்கவே இல்லை. அது எங்கிருந்து போச்சுன்னா என் சம்பளத்துல இருந்து போச்சு. என் கொள்கைக்கு என் பொண்டாட்டி செலவு பண்ணிட்டிருந்தா, அவ சம்பளத்துலதானே வீடு ஓடுச்சு.

2. ஒரு லிட்டர் கணக்கு

மெஷின் பாக்கப் போறதுக்கு முன்னாடி இதைப் போடுங்க. நான் மெஷின் வாங்கி ஏழு மாசம் கழிச்சுத்தான் போட்டேன்.

பருப்பு கிலோ 125ன்னு வைங்க, 2.4 கிலோவுக்கு 300 ரூபா. புண்ணாக்கு ஒண்ணேகால் கிலோவுக்கு மேல வரும், அதுல 54 ரூபா திரும்பி வருது. மிச்சம் 246. கரன்ட் 6, ஆள் கூலி 20, பாட்டில் லேபிள் அட்டைப்பெட்டி 18, சொத்தை பொறுக்கினது காயவெச்சது அடியில தங்கின கசடு இதுல போற நட்டம் 8. மொத்தம் 298. நான் 340க்கு விக்கறேன், லிட்டருக்கு 42 ரூபா நிக்குது.

இப்போ மாசா மாசம் எண்ணெய் ஓடினாலும் ஓடாட்டியும் போற செலவு. வாடகை 6,000, பேங்க் தவணை 7,500, போன், ஆடிட்டர், வண்டி பெட்ரோல் அது இதுன்னு 2,500, என் சம்பளம் 25,000. ஆக 41,000. இதை 42ஆல வகுத்தா 976 லிட்டர். மாசம் 976 லிட்டர் வித்தாத்தான் எனக்கு 25,000 வரும். ஒரு ஈடுக்கு, அதாவது செக்குல ஒரு தடவைக்கு, 15 கிலோ போட்டா ஆறு லிட்டர் சொச்சம், ஒரு நாளைக்கு ஆறு ஈடு, மாசம் 26 நாள். செக்கால முடியும், ஆட்டறதுல ஒரு கஷ்டமும் இல்லை. ஆனா 976 லிட்டரை வாங்கறதுக்கு எத்தனை குடும்பம் வேணும்? ஒரு வீட்டுக்கு மாசம் 3 லிட்டர்னா 325 வீடு. நான் ஆரம்பிச்சப்போ என் கையில இருந்தது 40 வீடு, அதுல 15 சொந்தக்காரங்க.

இதே கணக்குல கடைக்காரர் "எனக்கு 18 பர்சென்ட் கொடுங்க"ன்னு கேப்பாரு. 340ல 18 பர்சென்ட் 61 ரூபா. உங்களுக்கு நிக்கறதே 42. அதாவது கடைக்குப் போடற ஒவ்வொரு பாட்டிலுக்கும் 19 ரூபா நீங்க கையில இருந்து கொடுக்கறீங்க. நான் எட்டு மாசம் கொடுத்தேன், வியாபாரம் நல்லாப் போகுதுன்னு சந்தோசமா வேற இருந்தேன்.

3. ராஜினாமாவுக்கு முன்னாடி முடிக்க வேண்டியது

மெடிக்கல் இன்சூரன்ஸ். கம்பெனி கொடுக்கற குரூப் பாலிசி நீங்க வேலையை விட்ட அன்னைக்கோட முடிஞ்சுடும். புதுசா எடுத்தா முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதுக்கும் கிடைக்காது, ஏற்கெனவே சுகர் பிபி இருந்தா அதுக்கு வருசக்கணக்குல காத்திருக்கணும். குரூப் பாலிசியில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிப் பாலிசிக்கு மாத்திக்க வழி இருக்கு, எச்ஆர்கிட்ட வேலையில இருக்கறப்பவே கேளுங்க, ரெண்டு மாசம் முன்னாடி கேட்டா நல்லது. விட்டுட்டுக் கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.

பிஎஃப் பணத்துல கை வைக்காதீங்க. அஞ்சு வருசம் தொடர்ச்சியா சர்வீஸ் இல்லாம எடுத்தா வரியும் பிடிப்பாங்க. அது செக்கு வாங்கறதுக்கான பணம் இல்லை.

வீட்டுச் செலவு 12 மாசத்துக்கு தனியா வேற பேங்க்ல போடுங்க, மாசம் 30,000 ஆகும்னா 3,60,000. ஆறு மாசம் போதும்னு நிறையப் பேரு சொல்வாங்க, எனக்கும் சொன்னாங்க, போதலை. கடலையைப் பொறுத்தவரைக்கும் வருசத்துல ரெண்டு சீசன்தான், ஆடியில போட்ட மானாவாரி ஐப்பசி கார்த்திகையில வரும், மார்கழி தையில போட்ட இறவைக் கடலை பங்குனி சித்திரையில வரும். அந்த சமயத்துல விலை இறங்கறப்போ மொத்தமா வாங்கி இருப்பு வைக்கணும், கையில இருக்கற காசெல்லாம் மூட்டையா மாறிடும். அந்த நேரம் பாத்து பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் வரும்.

கிரெடிட் கார்டு பாக்கி, பைக் லோன் இருந்தா முடிச்சுடுங்க. சம்பளச் சீட்டு இல்லாதவனை பேங்க் பாக்கற பார்வையே வேற.

4. மானியம் வேணும்னா மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க

இந்த ஒரு தப்புதான் எனக்கு ரெண்டரை லட்ச ரூபா தப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பிஎம்இஜிபின்னு (PMEGP, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மத்திய அரசுத் திட்டம், பேங்க் கடனோட மானியம் வரும். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரைக்கும் திட்ட மதிப்பு போகலாம். பொதுப் பிரிவு ஆம்பளைன்னா நகரத்துல 15 சதவீதம், கிராமத்துல 25 சதவீதம் மானியம். பொம்பளைங்க, எஸ்சி, எஸ்டி, பிசி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிங்க, முன்னாள் ராணுவத்தினர் இவங்கள்லாம் சிறப்புப் பிரிவு, நகரத்துல 25, கிராமத்துல 35. நம்ம கைக்காசு பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 5. உதாரணத்துக்கு கிராமத்துல ஒரு பெண் பேருல ஏழரை லட்சம் திட்டம்னா மானியம் 2,62,500, கைக்காசு 37,500.

ஆனா இது புதுத் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடிட்டு இருக்கற யூனிட்டுக்குக் கிடையாது. நான் ஆர்வக்கோளாறுல சேமிப்புல இருந்து 2,10,000 கொடுத்து மெஷினை எறக்கி, பூஜை போட்டு, போட்டோ எடுத்து வாட்ஸப்ல எல்லாம் போட்டு, அப்புறம் போய்க் கேட்டா "ஆரம்பிச்சுட்டீங்களே சார்"ன்னாங்க.

மானியம் கையில தர்ற பணமும் இல்லை. அது பேங்க்ல உங்க பேருல மூணு வருசம் டெபாசிட்டா நிக்கும், மூணு வருசம் ஒழுங்காத் தொழில் நடந்து, நேர்ல வந்து பாத்துட்டுத்தான் கடன்ல கழிப்பாங்க. அந்தத் தொகைக்கு வட்டி தரவும் மாட்டாங்க, கடன்ல அந்த அளவுக்கு வட்டி வாங்கவும் மாட்டாங்க. நடுவுல மூடினா போச்சு. ஒரு குடும்பத்துல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான். மானியம் கூடுதலா வருதுன்னு சும்மா பேருக்கு வீட்டுக்காரம்மா பேரைப் போடாதீங்க, கையெழுத்து, கடன் பொறுப்பு, பேங்க்காரர் கேக்கற கேள்வி எல்லாம் அவங்களுக்குத்தான் வரும். நிஜமாவே அவங்க தொழிலா இருந்தா தாராளமாப் போடுங்க.

மாநில அரசோட யுஒய்இஜிபி (UYEGP, வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) திட்டமும் இருக்கு, உற்பத்திக்கு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், வயசு வரம்பு உண்டு, எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணும். எஸ்சி, எஸ்டி பிரிவுல இருந்தா அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதல்ல கேளுங்க, 35 சதவீத மானியம், வட்டியிலயும் தள்ளுபடி. எல்லாத்துக்கும் போய்ப் பேச வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். அங்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. "மானியம் வாங்கித் தர்றேன், 10 பர்சென்ட் கொடுங்க"ன்னு வாசல்லயே ஒருத்தர் நிப்பாரு, அவரைத் தாண்டி உள்ள போங்க.

கொண்டு போக வேண்டியது ஆதார், பான், போட்டோ, படிப்புச் சான்று, சாதிச் சான்று, கிராமப்புறம்னு விஏஓ கொடுக்கற சான்று, மெஷினுக்கு ஜிஎஸ்டி நம்பரோட கொட்டேஷன், இடத்துக்கு வாடகை ஒப்பந்தம், திட்ட அறிக்கை. திட்ட அறிக்கையை 3,000 ரூபா கொடுத்து யாரையோ எழுத வைக்காதீங்க, மேல போட்ட ஒரு லிட்டர் கணக்கை நாலு பக்கமா விரிச்சா அதுதான் திட்ட அறிக்கை. மேனேஜர் கேக்கற ஒரே கேள்வி "மாசம் எத்தனை லிட்டர் வித்தா தவணை கட்டுவீங்க"ங்கறதுதான், வாங்கின அறிக்கையை வெச்சுட்டு அதுக்குத் திருதிருன்னு முழிச்சவங்களை நான் பாத்திருக்கேன்.

என்னை மாதிரி ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டவங்களுக்கு இன்னொரு கதவு பிஎம்எஃப்எம்இ (PMFME)ங்கற மத்திய அரசுத் திட்டம். உணவு பதப்படுத்தற சின்னத் தொழிலுக்கானது, ஓடிட்டு இருக்கற யூனிட்டும் போடலாம், 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். ரெண்டாவது செக்கும் பாட்டில் நிரப்பற மெஷினும் நான் அதுல வாங்கினதுதான், விண்ணப்பம் போட்டதுல இருந்து கடன் வர்றதுக்கு நாலரை மாசம் ஆச்சு.

5. பேப்பர் வேலை, இந்த வரிசையில

மானிய விண்ணப்பம் போட்டிருந்தா கடன் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் உற்பத்தி, அதை மறந்துடாதீங்க. மத்தபடி வரிசை இப்படி.

உத்யம் பதிவு முதல்ல, அதாவது சிறு குறு தொழில்னு அரசாங்கத்துல பதியறது. ஆதார், பான் போதும், ஆன்லைன்ல அரை மணி நேரம், கட்டணம் சுத்தமா இல்லை. நான் கூகுள்ல தேடி மேல வந்த முதல் சைட்ல 2,499 ரூபா கட்டினேன், அது தனியார் சைட். அரசாங்க சைட் முகவரி ஜிஓவி டாட் இன் (gov.in)னு முடியும், பணம் கேட்டா வெளிய வந்துடுங்க.

அடுத்தது பேரு. லேபிள் அடிக்கறதுக்கு முன்னாடி டிரேட்மார்க் தேடற பக்கத்துல 29ஆம் வகுப்புல உங்க பேரு இருக்கான்னு பாருங்க, சமையல் எண்ணெய் அந்த வகுப்புலதான் வருது. தேடறது இலவசம். தனி ஆளுன்னா ஆன்லைன்ல பதியறதுக்கு அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500. பதிவு கைக்கு வர ஒரு வருசத்துக்கு மேல ஆகும், ஆனா விண்ணப்பம் போட்ட தேதி முக்கியம்.

அப்புறம் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட அனுமதி. நான் எடுத்தப்போ வருசம் 12 லட்சத்துக்குள்ள வியாபாரம், நாளைக்கு 100 லிட்டருக்குள்ள உற்பத்தின்னா பதிவு மட்டும் போதும்னு இருந்துச்சு, வருசத்துக்கு 100 ரூபா, ஒண்ணுல இருந்து அஞ்சு வருசம் வரைக்கும் சேத்து எடுக்க முடிஞ்சுது. போட்டோ, அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று அவ்வளவுதான். எனக்கு 12 நாள்ல வந்துச்சு. இப்போ ரெண்டாவது படியில போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க, மாசம் 976 லிட்டர் 340 ரூபான்னா வருசத்துக்கு 39 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். ஆக ஒழுங்கா சம்பளம் எடுக்கற நிலைமைக்கு வர்றதுக்குள்ள 12 லட்சத்தைத் தாண்டிடுவீங்க, அப்போ இருந்த விதிப்படி அதுக்கு மேல போனா மாநில லைசென்ஸ் எடுத்தாகணும். நான் எடுத்தப்போ நாளைக்கு ஒரு டன்னுக்குள்ள உற்பத்தின்னா வருசத்துக்கு 3,000 ரூபா. இதுக்கு இடத்தோட வரைபடம், மெஷின் லிஸ்ட், தண்ணி பரிசோதனை ரிப்போர்ட், வேலை செய்யறவங்களுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் எல்லாம் வேணும், ரெண்டு மாசம் கைவசம் வெச்சுக்கங்க. லைசென்ஸ் வாங்கின உற்பத்தியாளர் வருசா வருசம் மே 31க்குள்ள ஆண்டு ரிட்டர்ன் போடணும், தவறினா நாளைக்கு 100 ரூபா. அதை யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க. எனக்கு 4,300 போச்சு.

ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுல பொருள் விக்கறவங்களுக்கு வருசம் 40 லட்சம் தாண்டினாத்தான் கட்டாயம். ரெண்டு கண்ணி இருக்கு. ஒண்ணு, வெளி மாநிலத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினாலும் 40 லட்சக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே பதியணும். பெங்களூர்ல இருக்கற அக்கா பொண்ணு அவ அபார்ட்மென்ட்ல பத்துப் பேருக்குச் சேத்து ஆர்டர் கொடுத்தா சந்தோசப்படறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. ரெண்டு, புண்ணாக்கு வித்த காசும் அந்த 40 லட்சத்துல சேரும், மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லைங்கறது வேற விசயம். லிட்டருக்கு 54 ரூபான்னா வருசத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல வருது. எண்ணெய்க் கணக்கை மட்டும் பாத்துட்டு "இன்னும் தாண்டலை"ன்னு நான் இருந்தேன். நான் அக்கவுண்டன்ட் வேற. எண்ணெய்க்கு வரி 5 சதவீதம், சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில போனா 1 சதவீதம், ஆனா அதுல வெளி மாநிலத்துக்கு விக்க முடியாது.

கரன்ட் அக்கவுன்ட் திறக்க தொழில் பேருல ரெண்டு சான்று கேப்பாங்க, உத்யமும் எஃப்எஸ்எஸ்ஏஐயும் போதும். வீட்டு சேவிங்ஸ் அக்கவுன்ட்லயே ஜிபே வாங்கிட்டு இருக்காதீங்க, எது எண்ணெய்க் காசு எது சீட்டுக் காசுன்னு தெரியாம அஞ்சு மாசம் திண்டாடினேன்.

பாக்கெட் போடறவங்க பதிவு ஒண்ணு தொழிலாளர் துறையில, சட்டமுறை எடையளவுப் பிரிவு. 500 ரூபா, பாக்கெட் போட ஆரம்பிச்ச 90 நாளுக்குள்ள. எலக்ட்ரானிக் தராசுக்கு வருசா வருசம் முத்திரை வைக்கணும். ஊராட்சியில தொழில் உரிமம் தனி, அதுக்கு வரி ரசீது கேப்பாங்க, இடத்துக்காரர்கிட்ட பேசறப்பவே வீட்டு வரி கட்டியிருக்காரான்னு கேட்டுக்கங்க.

6. இடமும் கரன்ட்டும்

என் 3 எச்பி மோட்டாருக்கு மூணு பேஸ் வேண்டியிருந்துச்சு. வீட்டு லைன்ல இழுத்து ஓட்டிட்டு இருந்தா ஒரு நாள் மின்வாரியப் பறக்கும் படை வரும், அபராதம் போடுவாங்க. 12 கிலோவாட் வரைக்கும் குறுந்தொழிலுக்குன்னு தனி டாரிஃப் இருக்கு, 3ஏ1, அதைக் கேட்டு வாங்குங்க, கடைக்கான டாரிஃப்ல போட்டுட்டா யூனிட்டுக்கு அதிகமாக் கட்டிட்டே இருக்கணும். எனக்கு சர்வீஸ் வர ஒன்றரை மாசம். மெஷின் ஆர்டர் கொடுத்தா வாகைக் கட்டை கடைஞ்சு வர அதுவும் ஒன்றரை மாசம், ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிங்க.

வெயில் விழற களம் இருக்கற இடமாப் பாருங்க. கடலை காயலைன்னா எண்ணெய் கம்மி, பூஞ்சை வேற. தகர ஷெட் வேண்டாம், சித்திரையில உள்ள நிக்க முடியாது.

7. லேபிள்

முதல் தடவை 2,000 ஸ்டிக்கர் அடிச்சு அத்தனையும் குப்பைக்குப் போச்சு. "கொலஸ்ட்ராலை விரட்டும், இதயத்துக்கு இதம்"னு டிசைனர் பையன் அழகா எழுதியிருந்தான், நானும் தலையாட்டிட்டேன். சமையல் எண்ணெய் லேபிள்ல அந்த மாதிரி வாசகமெல்லாம் போடவே கூடாது, உணவுப் பாதுகாப்பு அலுவலர் பாத்தவுடனே விரல் வெச்சுக் காட்டினாரு. என் நோட்டுல மூணாவதா என்ன எழுதியிருந்தேன்னு அன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. "ஆர்கானிக்"னும் சும்மா போட முடியாது, சான்றிதழ் வேணும். மருந்தடிக்காத கடலைன்னு விவசாயி சொன்னா அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல.

கட்டாயம் இருக்க வேண்டியது பொருளோட பேரு, உங்க முழு முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் 14 இலக்கம், பச்சைப் புள்ளி, பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எதுக்குள்ள பயன்படுத்தணும், ஊட்டச்சத்து விவரம், எல்லா வரியும் சேத்த எம்ஆர்பி, நிகர அளவு, புகாருக்கு போன் நம்பர். அரை லிட்டர் பாட்டில்னா ஒரு மில்லிக்கு எவ்வளவுன்னும் போடணும். 1 லிட்டர் கடலெண்ணெய் எடை சுமாரா 910 கிராம்தான். தராசுல ஒரு கிலோ நிறுத்து "1 லிட்டர்"னு லேபிள் ஒட்டினா ஒவ்வொரு பாட்டில்லயும் 90 கிராம் தானம், எடையில ரொப்பி கிலோன்னு போட்டா வாங்கறவங்க லிட்டரோட ஒப்பிட்டு விலை அதிகம்பாங்க.

பிளாஸ்டிக் இல்லாம விக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை, தூக்குப்போசி கொண்டு வாங்க ஊத்தித் தர்றேன்னு போர்டே வெச்சேன். எண்ணெயை உதிரியா ஊத்தி விக்கக் கூடாது, பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டித்தான் விக்கணும்னு விதி. கண்ணாடி பாட்டில் போட்டுப் பாத்தேன், 40 ரூபா, கூரியர்ல பத்துக்கு ஒண்ணு உடையுது. கடைசியா கண்டுபிடிச்ச வழி, அவங்கவங்க கடலையை அவங்கவங்க கொண்டு வந்தா கூலிக்கு ஆட்டிக் கொடுக்கறது. கிலோவுக்கு 20 ரூபா, எண்ணெயும் அவங்களோடது, புண்ணாக்கும் அவங்களோடது, பாத்திரமும் அவங்களோடது. சரக்குக்கு நான் முதல் போடாம வர்ற காசு இது ஒண்ணுதான். ஞாயித்துக்கெழமை இதுக்குன்னே வெச்சிருக்கேன்.

8. சரக்கு வாங்கறது

எங்க பக்கம் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல எள்ளு ஏலம், அவல்பூந்துறையில கொப்பரை, கடலைக்கு சேவூர். வாங்கணும்னா வியாபாரி லைசென்ஸ் வேணும், ஆனா வேடிக்கை பாக்க ஒண்ணும் வேண்டாம். ஒரு மூணு மாசம் போய் நின்னு விலை எப்படி ஏறி இறங்குதுன்னு பாருங்க, எந்தக் கோர்ஸ்லயும் இது கிடைக்காது.

கடலை காயா வாங்கினா 10 கிலோ உடைச்சு 7 கிலோ பருப்பு வந்தாலே நல்ல காய். கருத்துப்போன, சுருங்கின, பூஞ்சை வாடை அடிக்கற பருப்பு ஒரு படி இருந்தாலும் அந்த ஈடையே கெடுக்கும், அஃப்லடாக்சின்னு ஒரு விசம் அதுலதான் வருது, செக்குல ஆட்டற எண்ணெயை ரீஃபைன் பண்றதில்லை, அதனால பொறுக்கறதுதான் நமக்கு இருக்கற ஒரே வழி. பொறுக்கற ஆளுக்குக் கூலி கொடுக்கக் கணக்குப் பாக்காதீங்க. எள்ளுக்குக் கருப்பட்டி போட்டு ஆட்டறோம், கருப்பட்டியில சீனி கலந்து வருது, எறும்பு மொய்க்கற வேகத்தை வெச்செல்லாம் கண்டுபிடிக்க முடியாது, தெரிஞ்ச பனையேறிகிட்ட வாங்குங்க.

9. யாருக்கு விக்கறது

325 வீடு எங்கிருந்து வரும்? நான் கடையை நிறுத்தினேன். ஒரு கடையில 38,000 ரூபா நின்னு போச்சு, இன்னும் வரலை. அதுக்கப்புறம் நேரா வீடுங்களுக்கு மட்டும்தான், மூணு மாசத்துக்கு 9 லிட்டர்னு முன்னாடியே காசு கட்டினா லிட்டருக்கு 10 ரூபா குறைவு. பாதிப் பேரு அப்படிக் கட்டறாங்க, பாக்கிப் பேரு அப்பப்போ வந்து வாங்கறாங்க. சீசன்ல மூட்டை வாங்கறதுக்கு இந்த முன்பணம்தான் எனக்கு மூலதனம், வட்டியில்லாக் கடன் மாதிரி. 42 ரூபா 32 ஆயிடுதேன்னு கேப்பீங்க, ஆமா, ஆனா கூலி ஆட்டறதுல அது சரியாகுது. மாசம் ஒரு தடவை என்ன விலைக்குக் கடலை வாங்கினேன், யார்கிட்ட வாங்கினேன், லிட்டருக்கு எனக்கு எவ்வளவு நிக்குதுன்னு அவங்க எல்லாத்துக்கும் வாட்ஸப்ல அனுப்பிடுவேன். என் மச்சான் "லாபத்தை எவனாவது வெளிய சொல்லுவானா"ன்னு திட்டினாரு. விலை ஏத்தறப்போ யாரும் சண்டைக்கு வர்றதில்லை, அது போதும்.

10. உங்க சம்பளம்

மாசம் 5ஆம் தேதி கரன்ட் அக்கவுன்ட்ல இருந்து வீட்டு அக்கவுன்ட்டுக்கு ஒரு தொகை தானாப் போற மாதிரி போட்டுடுங்க, முதல்ல 5,000ஆ இருந்தாலும் பரவாயில்லை. போகலைன்னா அந்த மாசம் எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம், நோட்டை எடுங்க. அதுக்கு மேல அவசரத்துக்கு எடுத்தா கைமாத்துன்னு எழுதி வைங்க.

வருமான வரி ரிட்டர்ன் முதல் வருசத்துல இருந்தே போடுங்க, வரி வராட்டியும். சின்ன வியாபாரத்துக்கு 44ஏடின்னு ஒரு பிரிவுல நான் போட்டேன், மொத்த வியாபாரத்துல பேங்க் வழியா வந்ததுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம்னு காட்டினா போதும், பெரிய கணக்குப் புத்தகமெல்லாம் வேண்டாம். ரெண்டு வருச ரிட்டர்ன் கையில இருந்தாத்தான் அடுத்த கடனுக்கு பேங்க்ல உக்காரவே சொல்வாங்க.

எண்ணெய் ஆட்டின அன்னைக்கே பாட்டில்ல அடைக்காதீங்க, மூணு நாலு நாள் வெயில்ல வெச்சுத் தெளிய விடுங்க. தீபாவளி சமயத்துல நல்லெண்ணெய்க்கும் கடலெண்ணெய்க்கும் ரெண்டு மடங்கு ஆர்டர் வரும், அதே சமயம் ஐப்பசி மழை, வெயிலே இருக்காது. அதனால புரட்டாசி கடைசியிலயே ஆட்டித் தெளிய வெச்சுடுங்க, பாட்டிலும் அப்பவே வாங்கிடுங்க, அந்தப் பதினஞ்சு நாள் பாட்டில்காரர் போனே எடுக்க மாட்டாரு.